ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பின் வசந்தகாலம்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச்சில் முடிவடைகிறது. அதனால் அந்நாட்டில் வசந்தகாலம் என்பது பள்ளி தொடங்கும் காலமும் ஆகும். ஆறு வயது நிறைந்த குழந்தைகள் ஏப்ரல் முதல் வாரங்களில் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்கின்றனர். அப்போது தொடங்கி ஜூன் மாத மழைக்காலம் வரை நுழைவு விழா, வரவேற்புக் கூட்டம், பள்ளியைச் சுற்றிப் பார்த்தல், வசந்தத்தைத் தேடும் நடை, விதை விதைத்தல், சிற்றுலா, விளையாட்டு விழா என்று நிகழ்வுகள் தொடர்ந்து வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை பாடத்துக்கு இடையில் வரும் கொண்டாட்டங்கள் அல்ல. எழுதக் கற்றல், எண்ணக் கற்றல், உயிர்களைக் கவனித்தல், பிறரோடு பழகுதல் ஆகிய பாடங்கள் இந்நிகழ்வுகளின் வழியாகவே நடைபெறுகின்றன.

ஏப்ரலில் தொடங்கும் ஆண்டு

மெய்ஜி காலத்தில் மேலை நாட்டு முறையைப் பின்பற்றி உருவான ஜப்பானியப் பள்ளிகள் தொடக்கத்தில் ஒரே நாளில் ஆண்டைத் தொடங்கவில்லை. 1886-இல் அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குமாறு மாற்றப்பட்டது. அதன் பிறகு பள்ளிகளும் படிப்படியாக அதே மாதத்துக்கு மாறின. ஆக, செர்ரி மலருக்கும் பள்ளித் திறப்புக்கும் உள்ள புகழ்பெற்ற உறவு கவிதையில் பிறந்ததல்ல, கணக்கு வழக்கில் பிறந்தது.

சேர்க்கை வயதிலும் ஒரு விந்தை உண்டு. ஏப்ரல் 2 முதல் மறு ஆண்டு ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பில் சேர்கிறார்கள். ஏப்ரல் 1 அன்று பிறந்த குழந்தை ஏன் முந்தைய குழுவில் சேர்கிறது என்ற கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. ஜப்பானியச் சட்டப்படி ஒருவருக்குப் பிறந்தநாளுக்கு முந்தைய நாளின் முடிவிலேயே வயது கூடிவிடுகிறது. இதனால் ஒரே வகுப்பறையில் ஏறக்குறைய ஓராண்டு வயது வித்தியாசம் உள்ள குழந்தைகள் அருகருகே அமர்கின்றனர். ஆறு வயதில் ஓராண்டு என்பது பென்சில் பிடிப்பதிலும் காலணி மாற்றுவதிலும் வெளிப்படையாகத் தெரியும் இடைவெளி.

நுழைவு விழா

நுழைவு விழா வழக்கமாக ஏப்ரல் முதல் பத்து நாட்களுக்குள் பள்ளியின் விளையாட்டரங்கில் நடைபெறும். பெற்றோர் முறையான உடையில் வருவர். புதிய மாணவர்கள் பலரது கையை ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் பிடித்து அழைத்து வருவார். தலைமையாசிரியர் சுருக்கமாகப் பேசுவார். இரண்டாம் வகுப்பு மாணவர்கள் பாட்டுப் பாடியோ இசைக்கருவி வாசித்தோ வரவேற்பதும் பல பள்ளிகளில் வழக்கம். விழா முடிந்ததும் பள்ளி வாயிலில் வைக்கப்பட்ட பெயர்ப்பலகை அருகே நின்று படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை நிற்கும்.

குழந்தையின் முதுகில் இருக்கும் கெட்டியான பைக்கு ‘ராண்டோசெரு’ என்று பெயர். டச்சு மொழியில் முதுகுப் பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இது. பெரும்பாலான பைகள் வெறுமையாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. முதல் வகுப்புக் குழந்தைகள் பைக்கு மேல் மஞ்சள் உறை போட்டுச் செல்வதைப் பல ஊர்களில் காணலாம். ‘இவர் சாலைக்குப் புதியவர்’ என்று வண்டி ஓட்டுபவர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது.

பாடநூல்களும் இந்நாளை ஒட்டியே கையில் கிடைக்கின்றன. கட்டாயக் கல்விக்கான பாடநூல்களை இலவசமாக வழங்கும் திட்டம் 1963-இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுதோறும் மேல் வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

செர்ரி மலரைப் பற்றி ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. படப்புத்தகங்களில் நுழைவு விழாவும் மலர்ந்த செர்ரி மரமும் பிரியாதவை. ஆனால் இப்போது டோக்கியோவில் மார்ச் இறுதியிலேயே பூத்து, விழா நாளில் தரையெல்லாம் இதழ்களாகக் கிடப்பது சாதாரணம். 2021-இல் கியோட்டோவில் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுமையாகப் பூத்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீளும் அந்நகரப் பதிவுகளில் அதுவே மிக முந்தைய நாளாகக் கருதப்பட்டது. மறுபுறம், வடக்கே ஹொக்கைடோவில் ஏப்ரல் இறுதிக்கோ மே மாதத்துக்கோதான் பூக்கும். தெற்கே ஒக்கினாவாவில் ஜனவரியிலேயே வேறொரு வகைச் செர்ரி பூக்கத் தொடங்கிவிடும். பாடநூலில் உள்ள வசந்தம் நாட்டின் நடுப்பகுதியின் வசந்தம். அதை உள்ளூருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் பொறுப்பு ஆசிரியருடையது.

முதல் வாரங்களும் ‘முதல் வகுப்புச் சிக்கலும்’

விழா முடிந்த மறுநாளிலிருந்து கடினமான வேலை தொடங்குகிறது. மழலையர் பள்ளியிலோ பகல் காப்பகத்திலோ விளையாட்டின் வழியே நாளைக் கழித்த குழந்தை, இப்போது 45 நிமிடப் பாடவேளைகளில் நாற்காலியில் அமர வேண்டும். 1990-களின் பிற்பகுதியில், முதல் வகுப்புகளில் குழந்தைகள் இருக்கையை விட்டு எழுந்து திரிவதும் ஆசிரியர் சொல்வதைக் கேட்காமல் இருப்பதும் மாதக்கணக்கில் நீடிப்பதாகப் பரவலாகப் பேசப்பட்டது. ‘முதல் வகுப்புச் சிக்கல்’ என்ற பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. குழந்தைகளின் ஒழுக்கக் குறைவே காரணம் என்று சிலர் கருதினர். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ள படி மிக உயரமாக இருப்பதே காரணம் என்று வேறு சிலர் கூறினர். பின்னர் வந்த கல்விக் கொள்கை இரண்டாவது விளக்கத்தையே ஏற்றது.

அதன் விளைவாக உருவானதே ‘தொடக்கக் கலைத்திட்டம்’. 2008-இல் திருத்தப்பட்ட பாடத்திட்ட விளக்கங்களில் இடம்பெற்று, 2017-இல் வெளியான தேசியப் பாடத்திட்டத்தில் இது எல்லாப் பள்ளிகளுக்கும் உரியதாக்கப்பட்டது. இதன்படி ஏப்ரலில் பாடவேளைகள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. காலையில் பாட்டு, கை விளையாட்டு, படக்கதை வாசிப்பு என்று மழலையர் பள்ளியில் பழகிய வடிவில் நாள் தொடங்குகிறது. மொழி, கணக்கு, இசை, ஓவியம் ஆகியவை தனித்தனி மணி அடிக்காமல் ஒரே செயலுக்குள் கலந்து வருகின்றன. முதல் வகுப்பில் ஒரு பிரிவுக்கு 35 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2011 முதல் உள்ளதும் இதற்கு உதவுகிறது. அப்படியும், 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சிறிய வேலை அல்ல.

இந்த இடத்தில்தான் மூத்த மாணவர்கள் வருகிறார்கள். காலையில் பையை எங்கே வைப்பது, வெளிக் காலணியை எந்தப் பெட்டியில் வைத்து உள் காலணிக்கு மாறுவது என்பதை ஆறாம் வகுப்பினர் காட்டித் தருகின்றனர். வகுப்பறையை மாணவர்களே துடைத்துச் சுத்தம் செய்வது ஜப்பானியப் பள்ளிகளின் வழக்கம். முதல் வகுப்பு அறைக்கு மட்டும் சில வாரங்கள் ஆறாம் வகுப்பினர் வந்து கூடவே செய்வர். பள்ளி மதிய உணவு முதல் வகுப்பினருக்குச் சில நாட்கள் கழித்தே தொடங்கும். முதல் நாள் கறி சாதம் போடும் பள்ளிகள் பல உள்ளன, எல்லாக் குழந்தைகளுக்கும் பழகிய சுவை அது என்பதால். வெள்ளைத் தலையுறையும் மேலங்கியும் அணிந்து உணவைப் பரிமாறுவதும் குழந்தைகளின் முறைவேலையே.

பள்ளியைச் சுற்றிப் பார்த்தல்

ஏப்ரல் இறுதியில் அல்லது மே மாதத்தில் நடக்கும் ‘பள்ளி ஆராய்ச்சிப் பயணம்’ முதல் வகுப்பின் முதல் பெரிய பாடம் எனலாம். முதல் முறை ஆசிரியருடன் வகுப்பே வரிசையாகச் சென்று வரும். அடுத்த முறை இரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிறு குழுக்களாக அழைத்துச் செல்வர். தலைமையாசிரியர் அறை, மருத்துவ உதவி அறை, நூலகம், சமையலறை, எலும்புக்கூடு நிற்கும் அறிவியல் அறை ஆகிய ஒவ்வொன்றின் வாசலிலும் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். யார் அங்கே வேலை செய்கிறார், என்ன வேலை என்று கேட்டு வர வேண்டும். அறிவியல் அறையின் எலும்புக்கூடு எங்கும் பேர்பெற்றது.

வழிகாட்டும் இரண்டாம் வகுப்பினருக்கும் இது பாடமே. ஓராண்டுக்கு முன் தாங்கள் இருந்த நிலையை நினைத்து, எதைச் சொல்ல வேண்டும், எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுப்பில் பேசித் திட்டமிடுகின்றனர். இடங்களின் பெயர் எழுதிய அட்டைகளையும், சென்ற இடத்தில் முத்திரை குத்தும் தாள்களையும் அவர்களே தயாரிக்கின்றனர். இத்தனை ஏற்பாடும் செய்த பின், கையைப் பிடித்து வந்த சிறுவன் வழியில் உள்ள மீன் தொட்டியை விட்டு நகர மறுத்தால் என்ன செய்வது என்பது எந்தத் திட்டத்திலும் இருக்காது. ஏழு வயதுக் குழந்தை அப்போதுதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வாழ்க்கைப் பாடம்

மேற்கண்ட செயல்களுக்குப் பாடத்திட்டத்தில் இடம் தருவது ‘செய்க்கட்சு’ எனப்படும் வாழ்க்கைப் பாடம். 1989-இல் அறிவிக்கப்பட்டு 1992 முதல் நடைமுறைக்கு வந்த இப்பாடம், முதல் இரண்டு வகுப்புகளில் அதுவரை இருந்த அறிவியலையும் சமூகவியலையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டது. முதல் வகுப்பில் ஆண்டுக்கு 102 பாடவேளைகள் இதற்கு உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால், தாய்மொழிக்கு 306, கணக்குக்கு 136. மொத்தம் 850. பள்ளி, வீடு, அக்கம்பக்கம், பருவ மாற்றம், இயற்கையோடு விளையாடுதல், செடியும் விலங்கும் வளர்த்தல், தன் வளர்ச்சியைத் தானே திரும்பிப் பார்த்தல் ஆகியவை இதன் உள்ளடக்கம்.

எதிர்ப்பு இல்லாமல் இது வந்துவிடவில்லை. அறிவியலைச் சிறு வயதிலேயே முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள், அனுபவம் என்ற பெயரில் குழந்தைகள் வெறுமனே விளையாடி முடிப்பர் என்று அஞ்சினர். இந்த அச்சத்துக்குப் பழைய வரலாறு உண்டு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அனுபவ வழிக் கல்வி பரவியபோதே, அது எங்கும் போய்ச் சேராமல் தவழ்ந்துகொண்டிருக்கும் கல்வி என்று ஏளனம் செய்யப்பட்டது. 1958-இன் பாடத்திட்டம் பாட வாரியான ஒழுங்குக்குத் திரும்பியது. வாழ்க்கைப் பாடம் அந்த ஊசல் மறுபடியும் மறுபக்கம் ஆடியதன் விளைவு.

இதற்கு இன்னும் முந்தைய வேர்களும் உள்ளன. தமிழ் உட்படப் பல மொழிகளில் வாசிக்கப்படும் ‘டோட்டோ-சான்’ நூலை அறிந்தவர்களுக்கு, சொசாக்கு கொபயாஷி நடத்திய தொமோயே பள்ளி நினைவுக்கு வரும். 1937-இல் டோக்கியோவில் தொடங்கி 1945 குண்டுவீச்சில் அழிந்த அப்பள்ளியில், பிற்பகல் நடைப்பயணம் வழக்கமாக இருந்தது. வழியில் பூவின் சூலகமும் மகரந்தமும் பேச்சோடு பேச்சாகப் பாடமாயின. 1981-இல் வெளியான டெட்சுகோ குரோயனகியின் அந்நூல் ஜப்பானில் பெரும் வாசகர்களைப் பெற்றது. வாழ்க்கைப் பாடம் அதிலிருந்து நேராக வந்ததல்ல. என்றாலும், ஒரு சிறு தனியார் பள்ளியின் புதுமையாக இருந்த ஒன்று பின்னர் அரசுப் பாடத்திட்டத்தின் அட்டவணைக்குள் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

வசந்தத்தைத் தேடுதல்

தமிழில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். தமிழ்நாட்டில் அப்போது பள்ளிகள் தேர்வு முடித்து விடுமுறையில் இருக்கும். ஜப்பானில் அதே மாதங்களில், ‘வசந்தத்தைக் கண்டுபிடி’ என்று சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளித் தோட்டத்துக்கும் அருகிலுள்ள பூங்காவுக்கும் அழைத்துச் செல்கின்றனர். மஞ்சள் டாண்டெலியான் பூ, மூன்றிலைக் குளோவர், ஆற்றங்கரையில் பேனா முனை போல எழும் ‘சுக்கூஷி’ எனும் தண்டு, தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் தங்கோமுஷி ஆகியவை வழக்கமாகக் கிடைப்பவை. இவற்றில் கடைசியானது பூச்சி போலத் தோன்றினாலும் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. முதல் வகுப்பில் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கால்கள் ஆறுக்கு மேல் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்த குழந்தை கேட்டால் போதும்.

விளையாட்டும் இதில் சேரும். ‘நசுனா’ என்ற களையின் இதய வடிவக் காய்களை அறுந்துவிடாமல் மெல்லக் கீழ்நோக்கி இழுத்து, தண்டைக் காதருகே சுழற்றினால் சலசலவென்று ஒலிக்கும். இதைப் பாடநூல் சொல்லித் தருவதைவிடப் பாட்டி சொல்லித் தந்த குழந்தை வகுப்புக்குச் சொல்லித் தருவது அதிகம் பலிக்கிறது.

நகர மையத்தில், மண் தரையே இல்லாத பள்ளிகளில் இந்த நடை சுருங்கிப்போகிறது. ஆனால் கற்காரைத் தளத்தின் வெடிப்பில் முளைத்த டாண்டெலியானும் வசந்தமே. அதைக் காணச் செய்யும் ஆசிரியருக்குப் பூங்கா தேவைப்படுவதில்லை.

அசகாவோ

முதல் வகுப்பின் வசந்தத்தில் மிக முக்கியமான பொருள் ஒரு சிறு கறுப்பு விதை. ‘அசகாவோ’ என்றால் ‘காலை முகம்’. தாவரவியலில் இதன் பெயர் ஐப்போமியா நில். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வள்ளைக்கீரையும் இதே பேரினத்தவை என்பதால், இதன் புனல் வடிவப் பூவைக் கண்டால் தமிழ் வாசகருக்கு அன்னியமாகத் தோன்றாது. பழங்காலத்தில் சீனாவிலிருந்து மருந்தாக ஜப்பானுக்கு வந்த இச்செடி, எடோ காலத்தில் அலங்காரச் செடியாக வெறியோடு வளர்க்கப்பட்டது. விதை கடுமையான பேதி மருந்து. வாயில் போடக் கூடாது என்பது வகுப்பில் முதலில் சொல்லப்படும் விதி.

விதை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நிகழ்வும் பாடமும் ஒன்று சேர்கின்றன. பல பள்ளிகளில், முதல் வகுப்பினரை வரவேற்கும் கூட்டத்தில் இரண்டாம் வகுப்பினர் தாங்கள் சென்ற ஆண்டு வளர்த்த செடியிலிருந்து எடுத்த விதைகளை, தாங்களே மடித்து ஓவியம் தீட்டிய காகித உறையில் போட்டுத் தருகின்றனர். எப்படி வளர்ப்பது என்று இரண்டு வரியும் எழுதியிருக்கும். கடையில் வாங்கிய விதையும் அதே போல முளைக்கும். ஆனால் இது ஒருவர் கையிலிருந்து வந்தது. விதைக்குப் பின்னால் ஒரு பெயரும் ஒரு முகமும் உண்டு.

மண் சூடாகும் மே மாதத்தில், தொடர் விடுமுறை முடிந்த பிறகு விதைக்கின்றனர். 20 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால்தான் நன்றாக முளைக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய ஒரு நெகிழிச் சட்டி. விதைப்பதற்கு முன்பே கவனித்தல் தொடங்கிவிடும். விதை ஆரஞ்சுச் சுளை போன்ற வடிவில் இருக்கிறது, ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் கோணம். விரலின் முதல் கணு அளவுக்குக் குழி, பெரும்பாலும் ஐந்து குழிகள். மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரம் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு வாரம்தான் பாடத்தின் கடினமான பகுதி. காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சட்டியிடம் ஓடுவதும், மண்ணைத் தோண்டிப் பார்க்கக் கை துடிப்பதும் எல்லா வகுப்பிலும் நடப்பது.

முளைத்ததும் வரும் விதையிலைகள் நடுவில் பிளந்து வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல இருக்கும். பின்னர் வரும் இலை வேறு வடிவம், மேலே மெல்லிய மயிர். ‘முதலில் வந்த இலையும் இதுவும் ஏன் ஒன்றுபோல இல்லை’ என்ற கேள்வி தானாகவே எழுகிறது. இதைக் குறித்துவைக்க ஓர் ‘அவதானிப்பு அட்டை’ தரப்படுகிறது. அதில் படத்துக்குப் பெரிய இடமும் எழுத்துக்குச் சில கோடுகளும் இருக்கும். அந்தப் பங்கீட்டுக்குக் காரணம் உண்டு. மே மாதத்தில் குழந்தைகள் 46 அடிப்படை ஹிரகானா எழுத்துகளையே இன்னும் கற்று முடித்திருக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் கற்க வேண்டிய 80 கஞ்சி எழுத்துகள் பின்னரே வரும். ‘அசகாவோ’ என்று ஹிரகானாவில் எழுத நான்கு எழுத்துகள் போதும். பலருக்கு அது சொந்தத் தேவைக்காக எழுதிய முதல் சொற்களில் ஒன்றாகிறது. முதல் அட்டையில் ‘முளைத்தது’ என்ற ஒரே சொல் இருக்கலாம். ஆசிரியர் சிவப்பு மையில் ‘எத்தனை?’, ‘எதைப் போல?’, ‘தொட்டால் எப்படி இருந்தது?’ என்று கேட்டு எழுதுவார். ஜூலை மாத அட்டையில் நிறம், எண்ணிக்கை, மணம், உவமை எல்லாம் வந்துவிடும். முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் அடுத்தடுத்து வைத்தால் வளர்ந்தது செடி மட்டும் அல்ல என்பது பெற்றோருக்கு உடனே விளங்கும்.

எல்லோரும் ஒரே செடியை, ஒரே வகைச் சட்டியில், ஒரே நாளில் வளர்ப்பது இயந்திரத்தனமானது என்ற விமர்சனமும் உண்டு. சட்டி, மண், உரம், குச்சி எல்லாம் ஒரே பெட்டியில் விற்கப்படுவதால் குழந்தை முடிவெடுக்க ஒன்றுமே மிஞ்சவில்லை என்பர். இதில் உண்மை இருக்கிறது. தாமே செடியைத் தேர்ந்தெடுக்க விடும் ஆசிரியர்களும் உள்ளனர். ஆனால் ஒரே செடி என்பதில் ஒரு பயனும் உண்டு, ஒப்பிட முடிகிறது. முப்பது சட்டிகளிலும் கொடி குச்சியை ஒரே திசையில்தான் சுற்றுகிறது என்பதை ஒற்றைச் சட்டி காட்டாது. வேண்டுமென்றே எதிர்த் திசையில் சுற்றிவிட்டால், வளரும் நுனி மறுபடியும் தன் வழிக்கே திரும்பும். நிழலில் வைத்த சட்டியும் வெயிலில் வைத்த சட்டியும் வேறாவதும் அப்படியே தெரியவருகிறது.

முளைக்காத சட்டி

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சில சட்டிகளில் ஒன்றுமே முளைப்பதில்லை. விதை அழுகியிருக்கலாம், ஆழம் அதிகமாகியிருக்கலாம், ஆசையில் தண்ணீர் அளவுக்கு மீறியிருக்கலாம். பக்கத்துச் சட்டிகளில் பச்சை தெரியும்போது தன் பெயர் எழுதிய சட்டி வெறும் மண்ணாக இருப்பது ஆறு வயதில் சிறிய துயரம் அல்ல. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இதை எதிர்பார்த்து, பள்ளியின் மூலையில் சில நாற்றுகளைத் தனியே வளர்த்து வைப்பர்.

மாலையில் யாரும் இல்லாதபோது அந்நாற்றைச் சட்டியில் நட்டுவிட்டு, மறுநாள் ‘முளைத்துவிட்டதே’ என்று சொல்வது எளிய வழி. குழந்தை அழாது. ஆனால் அட்டையில் அது எழுதப்போவது நடக்காத ஒன்று. கவனித்ததை எழுது என்று கற்றுத் தரும் பாடத்தில் இது பொருந்தாத செயல். மற்றொரு வழி, குழந்தையோடு சேர்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்து, விதை என்ன ஆயிற்று என்று கண்டு, மீண்டும் விதைப்பதா அல்லது நாற்றை வாங்கிக்கொள்வதா என்று அதையே முடிவெடுக்க விடுவது. அதிக முளை வந்த சட்டிக்காரரிடம் ஒன்று கேட்டுப் பெறுவதும் உண்டு. செடிகள் நெருக்கமாக வளரும்போது சிலவற்றைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்பதால், கொடுப்பவருக்கும் இது விடுதலை. தான் விதைத்ததைத் தானே பிடுங்கி எறிய மறுக்கும் குழந்தைகள் நிறைய. இரண்டாவது வழிக்கு நேரம் பிடிக்கும், கண்ணீரும் வரும். ஆயினும் வாழ்க்கைப் பாடம் என்ற பெயருக்கு உரியது அதுவே.

ஜூலையில் பூக்கள் திறக்கின்றன. ஒரு பூவுக்கு ஒரு காலைதான் ஆயுள். இன்று எத்தனை என்று எண்ணி, நிறவாரியாகப் படம் ஒட்டி அடுக்கி எது அதிகம் என்று பார்ப்பது கணக்குப் பாடமாகிறது. வாடிய பூக்களைத் தண்ணீரில் கசக்கினால் சாயம் கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நிறம் சிவப்புப் பக்கம் மாறும். கோடை விடுமுறைக்கு முன் சட்டிகள் வீட்டுக்குப் போக வேண்டும். குழந்தையால் தூக்க முடியாது என்பதால் பெற்றோர் வந்து எடுத்துச் செல்லும் காட்சி அம்மாதத்தில் தெருவெங்கும் தெரியும். இலையுதிர்காலத்தில் விதைகள் சேகரிக்கப்படும். காய்ந்த கொடியை வட்டமாகச் சுற்றி அலங்கார வளையம் செய்வர்.

இடையில் வரும் மற்ற நாட்கள்

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அரசு விடுமுறைகள் நெருக்கமாக வருகின்றன. மே 5 குழந்தைகள் தினம். அதற்கு முன் வகுப்பில் காகிதத்தால் கெண்டை மீன் கொடி செய்து, செதில் செதிலாக வண்ணம் தீட்டுவர். ஒரு மாதமாக மெல்லப் பழகிய ஒழுங்கு இந்த விடுமுறையில் கலைந்து, திரும்பி வரும்போது பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளை ஆசிரியர்கள் எதிர்பார்த்தே இருப்பர்.

சிற்றுலாவுக்கு இரண்டாம் வகுப்பினருடன் சேர்ந்து அருகிலுள்ள பூங்காவுக்குச் செல்வது வழக்கம். கட்டுச்சோறும், ஒரு தொகைக்குள் வாங்கிய தின்பண்டமும் கொண்டுபோகலாம். வாழைப்பழம் தின்பண்டக் கணக்கில் சேருமா என்ற கேள்வி ஜப்பானில் தலைமுறைகளாக ஓடும் நகைச்சுவை.

மே இறுதியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் விளையாட்டு விழா. முன்பு இது பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் நடந்தது. செப்டம்பர் வெயில், மற்ற நிகழ்வுகளின் நெருக்கம் ஆகிய காரணங்களால் பல பள்ளிகள் வசந்தத்துக்கு மாற்றின. இப்போது மே மாதமும் சூடேறுவதால் அரை நாளாகக் குறைத்த பள்ளிகள் உள்ளன. சிறு வகுப்பினருக்கு உரிய போட்டி, உயரக் கம்பத்தில் உள்ள கூடைக்குள் சிவப்பு அணியும் வெள்ளை அணியும் பந்து எறிவது. முடிந்ததும் இரு கூடைகளிலிருந்தும் ஒவ்வொரு பந்தாக எடுத்து மேலே வீசி, மைதானமே சேர்ந்து ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணும். வகுப்பில் எண்களை அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, ஒரு பக்கக் கூடை தீர்ந்து மறுபக்கம் எண்ணிக்கை தொடர்வதைவிடத் தெளிவாக ‘அதிகம்’ என்பதை எதுவும் காட்டாது.

2020-இன் வசந்தம்

இந்நிகழ்வுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. கொரோனா பரவலையடுத்து மார்ச் 2 முதல் பள்ளிகளை மூடுமாறு பிரதமர் ஷின்சோ அபே கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 7-இல் ஏழு மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 16-ஆம் நாள் நாடு முழுவதற்கும் விரிவானது, மே 25 அன்று முழுமையாக விலக்கப்பட்டது. 2017-இன் புதிய பாடத்திட்டம் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்ததும் அதே ஏப்ரலில்தான். நுழைவு விழாக்கள் சுருக்கப்பட்டன அல்லது தள்ளிவைக்கப்பட்டன. அசகாவோ விதையையும் சட்டியையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பிய பள்ளிகளும் உண்டு. விதை முளைத்தது, அட்டையும் எழுதப்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த சட்டி இல்லை. கல்வியாண்டைச் செப்டம்பருக்கு மாற்றலாம் என்ற யோசனை அப்போது அரசு அளவில் விவாதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது.

இரண்டாம் வகுப்பிலும் அதற்குப் பின்னும்

அடுத்த ஏப்ரலில் இதே குழந்தைகள் இரண்டாம் வகுப்பினராகி, விதை உறையைத் தரும் பக்கத்தில் நிற்கின்றனர். அவ்வாண்டு அவர்கள் வளர்ப்பது பெரும்பாலும் சிறு தக்காளி போன்ற காய்கறி. எதை வளர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஓரளவு கிடைக்கிறது. பறவை கொத்தாமல் இருக்க என்ன செய்வது, எப்போது பறிப்பது என்று ஊரில் தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டு வருவது அவர்களுடைய புதிய வேலை. மூன்றாம் வகுப்பில் வாழ்க்கைப் பாடம் முடிந்து அறிவியலும் சமூகவியலும் தனிப் பாடங்களாகப் பிரிகின்றன. அந்த வசந்தத்தில் முட்டைக்கோசு இலையில் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் முட்டையைத் தேடுவார்கள், இம்முறை கையில் அளவுகோலுடன்.